நெல்லை ரோட்டுக்குத் தாழ்த்தும் ஸ்பிரிங்: 30 மி.மீ.யோடு நிறுத்துங்கள்

வள்ளியூர் தாண்டி காவல்கிணறு வரைக்கும் பக்கக் காற்று தள்ளுகிற நான்குவழிச் சாலையில், கம்பெனி ஸ்பிரிங்குக்குப் பதில் குட்டையான, இறுகலான ஸ்பிரிங் போட்டு உயரத்தைத் தாழ்த்திய கார் அலையாமல் ஓடும். அதே வண்டி அம்பாசமுத்திரம் போகிற வழியில், ஊருக்கு ஊர் கிடக்கிற வேகத்தடையில் வயிறு உரசும். 2018-இல் வந்த ஸ்விஃப்ட்டுக்குத் தரை இடைவெளி 163 மி.மீ. அதில் 30 போனால் 133; ஐந்து பேரும் மூட்டையும் ஏறினால் இன்னும் குறையும். இந்தக் கணக்கைப் போட்டுவிட்டுக் கடைக்குப் போங்கள்.

இருக்கிற ஸ்பிரிங்கையே ஒரு சுற்று வெட்டித் தருகிறோம் என்கிற பட்டறையில் வண்டியை விடவே விடாதீர்கள். வெட்டிய ஸ்பிரிங் நீளம் பத்தாமல், ஜாக்கி போட்டுச் சக்கரத்தைத் தூக்கினாலே, அது உட்காரும் தட்டில் லூசாக ஆடும். பள்ளத்தில் இறங்கி ஏறும்போது இடம் மாறி உட்கார்ந்து டக்கென்று அடிக்கும். கேஸ் வைத்துச் சுட்டு இறக்குவது இன்னும் மோசம். சூடு பட்ட இடத்தில் எஃகின் பதம் போய்விடும். அங்கேயே தொய்யும், அங்கேயே உடையும்.

எங்கள் தேர்வு, உங்கள் மாடலுக்கென்றே செய்த 25–30 மி.மீ. ஸ்பிரிங். புராக்ரெசிவ் வகையாக இருந்தால் நல்லது: சின்னக் குழிக்கு மெத்தென்று அமுங்கும், பாரம் ஏற ஏற இறுகும். ஆனால் 50,000 கி.மீ. ஓடிய பழைய ஷாக்கின் (ஸ்பிரிங்கின் துள்ளலை அடக்கும் குழாய்) மேல் இதை மாட்டினால் காசு வீண். இறுகின ஸ்பிரிங் திரும்பி விரியும் வேகத்தைத் தளர்ந்த ஷாக் பிடித்து நிறுத்தாது. வண்டி துள்ளிக்கொண்டே போகும். தாழ்த்திய வண்டிக்குக் குட்டை ஷாக்தான் பொருத்தம். பில்ஸ்டைன் என்கிற ஷாக் கம்பெனியில் பி6 வண்டியின் கம்பெனி உயரத்துக்கு, பி8 தாழ்த்திய வண்டிக்கு. ஆர்டர் கொடுக்கும்போது இந்த எண்ணைப் பாருங்கள்.

முன்பக்க லோயர் ஆர்மை, அதாவது சக்கரத்தை அடியில் வண்டியோடு இணைக்கும் கையை, குனிந்து பாருங்கள். கம்பெனி உயரத்தில் அது சக்கரத்தை நோக்கிக் கொஞ்சம் கீழே சாய்ந்திருக்கும். 40, 50 மி.மீ. இறக்கினால் சக்கரப் பக்கம் மேலே தூக்கிக்கொள்ளும். ஸ்ட்ரட் வண்டியில் (ஸ்பிரிங்கும் ஷாக்கும் ஒரே தூணாகச் சேர்ந்த வகை) அப்போது ரோல் சென்டர், அதாவது வளைவில் வண்டி எதைச் சுற்றிச் சாய்கிறதோ அந்தப் புள்ளி, வண்டியின் எடை மையம் இறங்கியதைவிட அதிகமாக இறங்கிவிடும். பார்க்கத் தாழ்வாக இருக்கும். வளைவில் சாயும் விசை முன்னைவிடக் கூடியிருக்கும்.

மாட்டுகிற வேலையில்தான் பாதிப் பேர் கெடுக்கிறார்கள். ஸ்பிரிங்கை அதற்கென்றே இருக்கிற கம்ப்ரஸர் கருவியில் அமுக்கி, தட்டை விட்டு அது விலகியதைப் பார்த்த பிறகுதான் ஸ்ட்ரட்டின் நடு நட்டில் கை வைக்க வேண்டும். அவசரப்பட்டால் உயிருக்கே ஆபத்து. பம்ப் ஸ்டாப்பை (ஷாக் முழுக்க அமுங்கி இடிக்காமல் தடுக்கும் ரப்பர்) ஸ்பிரிங் கம்பெனி சொன்ன அளவுக்கு மட்டும் வெட்டுங்கள், தூக்கிப் போடாதீர்கள். மேல் மவுண்ட், பேரிங், டஸ்ட் பூட் எல்லாம் கையோடு புதிது போடுங்கள். லோயர் ஆர்மின் ரப்பர் புஷ்ஷைப் பிடிக்கும் போல்ட்டைச் சக்கரம் தரையில் நின்று, வண்டியின் பாரம் முழுக்க இறங்கிய பிறகே டார்க் ரெஞ்ச்சால் இறுக்க வேண்டும். லிஃப்டில் தொங்கும்போதே இறுக்கினால், இறங்கியதும் ரப்பர் முறுக்கிக்கொண்டு நிற்கும். சீக்கிரமே கிழிந்து கடகடக்கும்.

ஸ்பிரிங்கும் ஷாக்கும் மரை போட்ட ஒரே செட்டாக வரும் காயிலோவரில் உயரத்தை நினைத்தபடி மாற்றலாம். ஸ்பிரிங் இறுக்கத்தைத் தொடாமல் கீழ் பிராக்கெட்டிலேயே உயரம் மாறுகிற வகையை வாங்குங்கள். ஆனால் உவரி, கூடங்குளம் பக்கத்து உப்புக் காற்றும் செம்மண் புழுதியும் மரையில் ஏறினால், உயரத்தை மாற்றத் திருப்பும் காலர் வளையம் பிடித்துக்கொள்ளும். மாதம் ஒருமுறை பிரஷ் போட்டுச் சுத்தம் செய்யப் பொறுமை உள்ளவர்களுக்கு மட்டும் அது.

ஸ்பிரிங் உட்கார 500 கி.மீ. ஓட்டுங்கள். முன்னும் பின்னும், சக்கர மையத்திலிருந்து ஃபெண்டர் விளிம்பு வரை நான்கு பக்கமும் அளந்து எழுதிவிட்டு அலைன்மென்ட் பாருங்கள். டோ, அதாவது சக்கரங்களின் முன்முனை உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் அளவு, வெளிப்பக்கம் விலகியிருந்தால் டயரின் உள்விளிம்பு வெளியே தெரியாமலே தேய்ந்துபோகும். இன்சூரன்ஸ் கம்பெனிக்கு மாற்றத்தை எழுத்தில் தெரிவியுங்கள். கடைசியாக ஹெட்லைட். முன்பக்கமும் பின்பக்கமும் ஒரே அளவில் இறங்கியிருக்காது. சுவரில் வெளிச்சம் அடித்துப் பார்த்துத் திருப்பி வையுங்கள்.