குன்னூரில் ஒரு மைக்ரோபிப்பெட்: சர்வீஸ் போய் வந்த பிறகு

கோத்தகிரி டீ ஃபேக்டரி லேபில் வேலை பார்க்கும் தம்பி ஒருவர், "1000 மைக்ரோலிட்டர் பிப்பெட் விலை இறங்கியிருக்கே அண்ணா, வாங்கலாமா?" என்று கேட்டார். பொத்தானை அழுத்தி விட்டால் முனையில் செருகிய பிளாஸ்டிக் குழலுக்குள் (டிப்) திரவத்தை உறிஞ்சி அளக்கும் கருவி அது; 1000 மைக்ரோலிட்டர் என்றால் 1 மி.லி. என்னுடையது சர்வீஸ் முடிந்து திரும்பிய நேரம் பார்த்துக் கேட்டார்.

நல்லதைச் சொல்லிவிடுகிறேன். டீயில் துவர்ப்பு தரும் பாலிபீனால் எவ்வளவு என்று பார்க்கும் சோதனைக்கு டீ சாறு 1 மி.லி. எடுத்து 100 மி.லி. ஆக்குவதுதான் எங்களுக்கு நாள் முழுக்க வேலை. பொத்தான் அலுங்காமல் இறங்கும், சாயங்காலமானாலும் கட்டைவிரல் வலிக்காது. சாற்றில் 70% மெத்தனால் இருப்பதால் டிப்பிலிருந்து சொட்டும். அதை இதன் தலையில் கட்டக் கூடாது. சாற்றிலேயே சில முறை உறிஞ்சி விட்டால் அடங்கிவிடும்.

எரிச்சல் வேறு. சர்வீஸ் சென்டர் இருப்பது சமவெளியில். அங்கே கச்சிதமாக இருக்கிறது, சான்றிதழோடு வருகிறது. இங்கே தண்ணீர் எடுத்து எடை போட்டால் மில்லிலிட்டருக்கு 4 மைக்ரோலிட்டர் குறைகிறது. போன தடவையும் இதே கதைதான். டிப்பில் நிற்கும் திரவத்தின் பாரம் மேலே அடைபட்ட காற்றைக் கீழே இழுக்கிறது, காற்று சற்று விரிகிறது. கடல்மட்டத்தில் அழுத்தம் 1013 மில்லிபார், 1850 மீட்டர் உயரக் குன்னூரில் சுமார் 810. அழுத்தம் குறையக் குறைய அதே பாரத்துக்குக் காற்று இன்னும் விரியும், அந்த அளவு திரவம் உள்ளே வராது.

பிப்பெட்டுகளுக்கான ஐ.எஸ்.ஓ. 8655 என்ற சர்வதேச விதி, இந்த அளவுக்கு 8 மைக்ரோலிட்டர் வரை விட்டுக்கொடுக்கிறது. ஆக, கருவி பாஸ். ஒப்பிட்டுப் பார்க்க வைக்கும், அளவு தெரிந்த காலிக் அமிலக் கரைசலையும் (ஸ்டாண்டர்ட்) இதிலேயே எடுத்து நீர்த்தால் இரண்டு பக்கமும் ஒரே குறைவு, கணக்கில் கழிந்துபோகும். ஆனால் அந்தக் கரைசல் 1 முதல் 5 மி.லி. வரை வேண்டும் என்பதால் அதைக் கண்ணாடிப் பிப்பெட்டில் எடுக்கிறோம். குறைவு முழுக்கச் சாற்றின் தலையில் விடிகிறது. அதனால் சாற்றை எத்தனை மடங்கு நீர்த்தோம் என்ற நீர்த்தல் காரணியை 100 என்று போடாமல் 100.4 என்று போடுகிறேன். தணிக்கைக்கு வருபவர் ஒவ்வொரு முறையும் அந்த .4 மேல் விரலை வைப்பார்.

தராசுக்கு மட்டும் ஆள் மலையேறி வருகிறார். இடம் மாறினால் புவியீர்ப்பு மாறும், வைத்த இடத்தில்தான் சரிபார்க்க வேண்டும் என்று எனக்கே பாடம் எடுக்கிறார். பிப்பெட் என்றால் "கூரியர்ல போட்டுடுங்க சார்". மேலே வரும் குறைவுக்குத் தக்கபடி திருகைத் திருப்பிக் கொடுங்கள் என்று எழுதிக் கொடுத்தேன். சான்றிதழ் அவர்கள் அறைக்குத்தானாம்.

தம்பிக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஏ கிளாஸ், அதாவது துல்லியம் கூடிய ரகக் கண்ணாடிப் பிப்பெட்டுக்கு ஊட்டியும் ஒன்றுதான், சென்னையும் ஒன்றுதான். இதே கம்பெனியின் 100 மைக்ரோலிட்டர் மாடலுக்கு நான் ஆர்டர் போட்டிருப்பது வேறு விஷயம்.