மலேசியா, சுங்கை சிப்புட்டில் கிரிக்கெட் பார்க்க ஒரு கடை

சாப்பாட்டுக்கு மட்டும் என்றால் இந்தக் கடைக்கு ஐந்தில் மூன்று கொடுப்பேன், கிரிக்கெட் பார்க்க என்றால் ஐந்தும் கொடுத்துவிடலாம். டவுனை விட்டுத் தோட்டத்துப் பக்கம் போகிற ரோட்டில், செம்பனைக் குலை ஏற்றிய லோரிகள் திரும்புகிற முனையில், தகரக் கூரை போட்ட ஒட்டுக்கடை. பெயர்ப் பலகை வெளுத்து எழுத்தே தெரியவில்லை, கேட்டால் ஆளுக்கொரு பேர் சொல்கிறார்கள், அதனால் நானும் பேர் போடவில்லை.

நம் பக்கத்தில் பந்து என்றாலே கால்பந்துதான். சனிக்கிழமை ராத்திரி தமிழ் முஸ்லிம்கள் நடத்துகிற எந்த மாமாக் கடைக்குப் போனாலும் இங்கிலீஷ் லீக் ஓடும், கிரிக்கெட் போடுங்கள் என்றால் ஒரு மாதிரி பார்ப்பார்கள். இங்கே பெரிய டிவி கிரிக்கெட்டுக்கு, கல்லாவுக்கு மேலே இருக்கிற சின்ன டிவி பந்துக்கு. முதலாளிக்கு கிரிக்கெட்டில் அப்படி ஒன்றும் ஆர்வம் கிடையாது. கடையில் வேலை செய்கிற பையன்கள் புதுக்கோட்டை, ராமநாதபுரம் பக்கத்திலிருந்து வந்தவர்கள், தோட்டத்தில் வேலை செய்கிற வங்காளதேசத்துத் தம்பிகளும் சாயங்காலம் ஆனால் இங்கேதான் கூடுகிறார்கள், ஆக கிரிக்கெட் போட்டால் கல்லா நிறைகிறது.

ரொட்டி சானாய் நன்றாக இருக்கிறது. ஓரம் மொறுமொறுவென்று, உள்ளே இழை இழையாகப் பிரியும். பருப்புக் குழம்பு தண்ணியாக இருக்கும், சம்பல் கேட்டு வாங்குங்கள், கேட்காமல் வைக்க மாட்டார்கள். மீன் கறியில் புளியும் காரமும் சரியாக நிற்கிறது. மீ கோரெங் (வறுத்த நூடுல்ஸ்) ஒரே இனிப்பு, எனக்குப் பிடிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை மதியம் மட்டும் வாழை இலைச் சாப்பாடு போடுகிறார்கள், அதில் ரசம் அருமை.

குறை என்றால் தே தாரிக், அதாவது இழுத்து ஆற்றிய பால் தேநீர். சாதாரண நாளில் நுரையோடு அம்சமாக வரும். மேட்ச் நாளில் மட்டும், தண்ணி (தே, கோப்பி) கலக்குகிற பையன் முதலாளிக்கு மச்சினன் முறை என்பதாலும் ரொட்டிக் கல்லுக்கு நேரே டிவி இருப்பதாலும், அவனைக் கல்லில் நிறுத்திவிட்டு, ஊரிலேயே நல்ல ரொட்டி போடுகிற அண்ணனைத் தண்ணி கலக்க அனுப்பிவிடுகிறார்கள். ரொட்டியும் போச்சு, தேயும் போச்சு. இதை முதலாளியிடம் சொன்னேன், சிரித்தார், அடுத்த மேட்சுக்கும் அதேதான். இந்திய அணித் தேர்வைப் பற்றி இந்தக் கடையில் நடக்கிற சண்டையில் பாதி இதைப் பற்றித்தான் என்று எனக்குத் தோன்றும்: ஒருவருக்கு இடம் வேண்டும் என்பதற்காக இன்னொருவரை அவர் இடத்திலிருந்து தூக்குவதா, இல்லை ஆட்டம் கேட்கிறது என்பதற்காகத் தூக்குவதா? வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்று போலத்தான் இருக்கும்.

2024 டி20 உலகக் கோப்பையில் தென்னாப்பிரிக்காவோடு இறுதியாட்டம் நமக்கு ராத்திரி பத்தரைக்குத் தொடங்கியது. மகாராஜ் ஒரே ஓவரில் ரோகித்தையும் பண்டையும் அனுப்பிவிட்டார், அப்புறம் ரபாடா சூர்யகுமாரை எடுத்தார், 34க்கு 3. அக்‌ஷர் பட்டேல் மட்டையைத் தூக்கிக்கொண்டு வருகிறார். ரொட்டிக் கல்லில் நின்ற பையன் கத்தினான், "ஏண்ணே, துபே இருக்கான், ஹர்திக் இருக்கான், இவனை எதுக்கு இறக்குறாங்க?" பால்மரம் வெட்டி ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் எப்போதும் மூலை மேசையில் கோப்பி ஓ (பால் இல்லாத காப்பி) வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார், அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "மகாராஜுக்கு இடக்கை ஆளு வேணும்டா தம்பி. துபேயும் ஹர்திக்கும் இப்பவே போயிட்டா கடைசி அஞ்சு ஓவர் யாரு அடிப்பா?" அக்‌ஷர் 31 பந்தில் 47, கோலி 76, கடைசியில் 7 ரன்னில் கோப்பை. அதை அன்றைக்கு மட்டும் குருட்டாம்போக்கில் எடுத்த முடிவு என்று பேசுகிறவர்கள், அதே தொடரில் நியூயார்க்கில் பாகிஸ்தானோடு அவரை நான்காவதாக இறக்கினார்கள் என்பதை மறந்துவிடுகிறார்கள். அவருக்கு அந்த வேலை தெரியும், எப்போது கூப்பிடுவார்கள் என்பதும் தெரியும்.

2011 உலகக் கோப்பை இறுதியாட்டத்தில், இலங்கையோடு வான்கடேயில், தோனி யுவராஜுக்கு முன்னால் இறங்கியதும் இதே வகைதான். இலங்கையின் முரளிதரனைச் சென்னை ஐபிஎல் அணி வலைப் பயிற்சியில் ஆடிப் பழகிய கை, மறுமுனையில் கம்பீர் இடக்கை, யுவராஜும் இடக்கை. 91 நாட் அவுட். கதை எல்லாருக்கும் தெரியும், ஆனால் வங்காளதேசத்துத் தம்பி ஒருவன் உடனே 2019 உலகக் கோப்பை அரையிறுதி, மான்செஸ்டரை எடுத்துப் போடுவான். 24க்கு 4 போனபோது அதே தோனியை ஏழாவது இடத்தில் வைத்திருந்தார்களே, 18 ரன்னில் தோற்றீர்களே என்பான். பதில் சொல்ல ஆள் கிடையாது, ஐஸ் லீமாவ் கொண்டுவா என்று பேச்சை மாற்றிவிடுவார்கள்.

பெரியவருக்குக் கோபம் வருவது கிரெக் சேப்பல் பேச்சு வந்தால்தான். இந்திய அணிப் பயிற்சியாளராக அவர் இருந்தபோது இர்ஃபான் பதானை மூன்றாவதாக இறக்கி, 2005இல் நாக்பூரில் 83 அடித்ததும் அதையே வேதவாக்காக்கிக்கொண்டார்கள் என்பார். அந்த அணி 2006 செப்டம்பரில் நம் நாட்டுக்கே வந்தது, பூச்சோங் கின்ராரா திடலில் டெண்டுல்கர் 141 நாட் அவுட் அடித்தும் மழைக் கணக்கில் மேற்கிந்தியத் தீவுகளிடம் தோற்றது. அடுத்த வருஷம் உலகக் கோப்பையில், 1994இல் ஆக்லாந்திலிருந்து பெரும்பாலும் தொடக்க ஆட்டக்காரராகவே ஆடிவந்த அதே டெண்டுல்கரை நடுவரிசைக்கு இறக்கினார்கள், முதல் சுற்றோடு மூட்டை கட்டினார்கள். டெண்டுல்கரைத் தொட்டவன் உருப்பட மாட்டான் என்பது பெரியவர் கட்சி. எனக்கு அதில் முழுச் சம்மதம் இல்லை. 1994இல் தொடக்க ஆட்டக்காரர் சித்துவுக்குக் கழுத்துப் பிடித்துக்கொண்டு, நான் போகிறேன் என்று இவரே கேட்டுப் போய் 49 பந்தில் 82 வந்தது, அதுவும் வரிசையை மாற்றியதால் வந்ததுதானே?

2025 ஆசியக் கோப்பை சமயம் கடையில் நிஜமாகவே சண்டை. சஞ்சு சாம்சன் 2024இல் தொடக்க இடத்தில் ஐந்து இன்னிங்ஸுக்குள் மூன்று சதம் அடித்தவர். கில் துணைத்தலைவராக வந்ததும் சாம்சன் ஐந்தாவது. வங்காளதேசத்தோடு நடந்த ஆட்டத்தில் துபே மூன்றாவதாகப் போகிறார், சாம்சனுக்கு மட்டையே கிடைக்கவில்லை. தொடக்க ஜோடி தவிர யாரும் எங்கேயும் ஆடலாம் என்பதுதான் அப்போது பயிற்சியாளராக இருந்த கம்பீர் பேசிய கட்சி, டி20யில் 120 பந்துதான், எத்தனையாவது ஆள் என்பதைவிட எத்தனையாவது ஓவர் என்பதுதான் முக்கியம், அதை நானும் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் சாம்சனைப் பிடுங்கியதே அந்தத் தொடக்க ஜோடியிலிருந்துதானே! டிசம்பரில் 2026 டி20 உலகக் கோப்பை அணியை அறிவித்தபோது கில்லே இல்லை, சாம்சன் உள்ளே. நடுவில் போன மாதங்களை அவருக்கு யார் திருப்பிக் கொடுப்பது?

2025 நவம்பரில் தென்னாப்பிரிக்காவோடு கொல்கத்தா டெஸ்ட். நமக்குப் பகல் பன்னிரண்டுக்குத் தொடங்கும், மூன்றாம் நாள் ஞாயிறு, இலைச் சாப்பாட்டோடு பார்த்தோம். சாய் சுதர்சனை உட்கார வைத்துவிட்டு வாஷிங்டன் சுந்தரை மூன்றாவதாக இறக்கினார்கள். இருவரும் சென்னைப் பையன்கள். புதுக்கோட்டைத் தம்பிக்கு யாரைத் திட்டுவது என்றே தெரியவில்லை, "நம்மாளை எடுத்துட்டு நம்மாளையே போட்டா என்னண்ணே பண்றது?" என்று சாம்பார் வாளியோடு நின்றான். 124 எடுத்தால் வெற்றி, கழுத்துப் பிடிப்பால் கில் ஆட வரவில்லை, 93இல் சுருண்டார்கள், அதில் அதிகம் எடுத்தது வாஷிங்டனின் 31. சரி, பையன் தேறிவிட்டான், மூன்றாவது இடம் இனி இவனுக்குத்தான் என்று நினைத்தால், அடுத்த டெஸ்டில் குவாஹாத்தியில் எட்டாவது! சுதர்சன் மறுபடி மூன்று. 408 ரன்னில் தோல்வி. டெஸ்டில் மூன்றாவது ஆள் என்றால் இரண்டாவது பந்திலேயே இறங்கவும் தயாராக இருக்க வேண்டும், புதுப் பந்து ஆடுவது தனி வேலை, அதை வாராவாரம் கை மாற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தால் யார் கற்றுக்கொள்வார்? வாஷிங்டனை மேலே அனுப்பியதில் எனக்குக் குறையில்லை, அதை ஒரே ஆட்டத்தில் கைவிட்டதில்தான்.

பெண்கள் ஆட்டமும் போடுகிறார்கள், அதற்குத் தனியாக ஒரு சபாஷ். 2025 உலகக் கோப்பை அரையிறுதி, ஆஸ்திரேலியா வைத்த இலக்கு 339. இங்கிலாந்து ஆட்டத்துக்கு வெளியே உட்கார வைக்கப்பட்ட ஜெமிமா ரோட்ரிக்ஸ்தான் அன்றைக்கு மூன்றாவதாக இறங்கி 127 நாட் அவுட். மூன்றாவதாகப் போகிறோம் என்பதே ஐந்து நிமிஷத்துக்கு முன்னால்தான் தெரியும் என்று அப்புறம் சொன்னார். நியூசிலாந்தோடு அதே இடத்தில் 76 அடித்திருந்ததால் அவருக்கு அது புது வீடு இல்லை. அன்றைக்கு ஒரு மணி தாண்டியும் முதலாளியின் மனைவி கடையைச் சாத்த விடவில்லை, சின்ன டிவியையும் கிரிக்கெட்டுக்கு மாற்றச் சொல்லிவிட்டார்.

போகிறவர்களுக்கு: ரொட்டி ஒன்று ஒன்றரை வெள்ளி (ரிங்கிட்), காசும் வாங்குவார்கள், கியூஆரும் உண்டு. குடும்பத்தோடு போனால் உள்ளே விசிறிக்குக் கீழே உட்காருங்கள், வெளியே சிகரெட்டும் கொசுவும். பத்தரைக்குத் தொடங்குகிற ஆட்டம் என்றால் ஒன்பதரைக்கே மீன் கறியைச் சொல்லி வைத்துவிடுங்கள், தீர்ந்துவிடும். மழை வந்தால் தகரச் சத்தத்தில் வர்ணனை கேட்காது, கொஞ்ச நேரத்தில் படமும் போய்விடும், அந்த மாதிரி நாளில் வீட்டிலேயே பாருங்கள்.