ஐபிவி6-க்கு ஓஎஸ்பிஎஃப்வி3: பல வருடம் ஓட்டிப் பார்த்ததில்

மாவட்ட அளவில் ஃபைபர் இணைப்பு கொடுக்கும் ஒரு சிறிய நிறுவனத்தில் ரவுட்டர்களைப் பார்த்துக்கொள்வது என் வேலை. ஐபிவி6-க்கு (புதிய, நீளமான இணைய முகவரி முறை) உள்வலையில் எந்த ரவுட்டிங் புரோட்டோகால் (பாக்கெட் போகும் பாதையை ரவுட்டர்கள் தங்களுக்குள் பேசி முடிவு செய்யும் முறை) போடலாம் என்று யார் கேட்டாலும் ஓஎஸ்பிஎஃப்வி3 என்றுதான் சொல்வேன். எங்கள் லினக்ஸ் ரவுட்டர்களில் எஃப்ஆர்ஆர் மென்பொருள் மூலம் பல வருடமாக அது ஓடுகிறது.

அதன் அருமை தெரிந்தது முகவரி மாற்றியபோது. முதலில் எங்களுக்கு இணையம் தரும் அப்ஸ்ட்ரீம் நிறுவனம் ஒதுக்கிய /48 முகவரித் தொகுதியை வைத்து ஓட்டினோம். அப்புறம் இந்தியாவில் இணைய முகவரிகளை ஒதுக்கும் ஐஆர்ஐஎன்என் வழியாக எங்களுக்கென்றே ஒரு /32 (இன்னும் பெரிய தொகுதி) வந்தது. ஒவ்வொரு இன்டர்ஃபேஸிலும் புது முகவரியைச் சேர்த்தோம், கொஞ்ச நாள் பழையதும் புதியதும் சேர்ந்தே ஓடின, பிறகு பழையதை எடுத்துவிட்டோம். நடுவில் ஒரு நெய்பர்கூட (பக்கத்து ரவுட்டரோடான ஓஎஸ்பிஎஃப் உறவு) விழவில்லை.

ஐபிவி4-க்கான ஓஎஸ்பிஎஃப்வி2-வில் ஈதர்நெட் இணைப்பின் இரு முனையும் ஒரே சப்நெட்டில் (ஒரே முகவரித் துண்டில்) இருக்க வேண்டும், அதன் அளவைச் சொல்லும் மாஸ்க் மாறினாலே நெய்பர் சேராது. வி3 சப்நெட்டைப் பார்ப்பதில்லை, இணைப்பைத்தான் பார்க்கிறது. பக்கத்து ரவுட்டரைத் தேடும் ஹலோ பாக்கெட்டுகள், அந்த ஒரு இணைப்புக்குள் மட்டும் செல்லுபடியாகும், எஃப்இ80 என்று தொடங்கும் லிங்க் லோக்கல் முகவரியிலிருந்து போகின்றன. நாம் கொடுக்கும் பொது முகவரி எதுவானாலும் அதற்குக் கவலையில்லை. எந்த ரவுட்டர் எதோடு இணைந்திருக்கிறது என்பது ஒரு வகை எல்எஸ்ஏ-வில் (ரவுட்டர்கள் பரிமாறிக்கொள்ளும் தகவல் துண்டு) போகும். ப்ரீஃபிக்ஸ்கள் (முகவரித் தொகுதிகள்) தனி எல்எஸ்ஏ-வில் போகும். ஆகவே ஒரு ப்ரீஃபிக்ஸ் மாறினால் வலையின் வரைபடத்தை முதலிலிருந்து கணக்கிட வேண்டியதில்லை. 2008-ல் வந்த, வி3-யை வரையறுக்கும் ஆர்எஃப்சி 5340 என்ற தர ஆவணத்தைப் பொறுமையாகப் படித்தால் இந்தப் பிரிப்பு எவ்வளவு யோசித்துச் செய்யப்பட்டது என்று புரியும். எனக்கு அதன் மேல் பெரிய மரியாதை உண்டு.

புதிதாக வருபவர்கள் தடுமாறும் இடமும் இதே லிங்க் லோக்கல்தான். ரவுட்டிங் டேபிளைத் திறந்தால் நெக்ஸ்ட் ஹாப் (பாக்கெட்டை அடுத்து அனுப்ப வேண்டிய ரவுட்டர்) எல்லாமே எஃப்இ80 என்று இருக்கும். அது எந்தப் பெட்டி என்று பார்த்தவுடன் தெரியாது. நெட்வொர்க் கார்டு மாற்றினால் அதன் வன்பொருள் முகவரியான மேக் முகவரியோடு சேர்ந்து அந்த எஃப்இ80 முகவரியும் மாறக்கூடும். அதனால் ஒவ்வொரு ரவுட்டருக்கும் ஒரு எண் ஒதுக்கி, எஃப்இ80::11, எஃப்இ80::12 என்று லிங்க் லோக்கலை நாங்களே கையால் கொடுத்துவிடுகிறோம். இரவு இரண்டு மணிக்கு லைன் போனால் இந்தப் பழக்கம்தான் கைகொடுக்கும்.

ஒரு முறை பாதுகாப்பு வேலைக்கு வந்த ஒப்பந்ததாரர் நடுவிலிருந்த சுவிட்சில் ஐசிஎம்பிவி6 (பிங் போன்ற கட்டுப்பாட்டுச் செய்திகள் போகும் புரோட்டோகால்) முழுவதையும் அடைத்துவிட்டார். நெய்பர் நிலை "ஃபுல்" என்றே காட்டியது, ரூட்டுகளும் இருந்தன, ஆனால் ஒரு பாக்கெட்டும் அந்தப் பக்கம் போகவில்லை. இரண்டே ரவுட்டர்கள் நேருக்கு நேர் பேசும் பாயின்ட் டு பாயின்ட் முறையில் ஓஎஸ்பிஎஃப் பேச்செல்லாம் மல்டிகாஸ்டில் (குழு முகவரிக்கு அனுப்பும் முறையில்) நடக்கிறது, அதற்கு எதிர் முனையின் மேக் முகவரி தேவையில்லை. வாடிக்கையாளர் டேட்டாவுக்கு அது தேவை. அதைக் கண்டுபிடிக்கும் நெய்பர் டிஸ்கவரி ஐசிஎம்பிவி6-ல்தான் ஓடுகிறது. லினக்ஸில் நெய்பர் டேபிளைப் பார்த்தபோது எதிர் முனைக்கு நேரே "ஃபெயில்டு" என்று இருந்தது, விஷயம் புரிந்துவிட்டது. ஐபிவி4-ல் பிங்கை அடைக்கும் பழக்கத்தை இங்கே அப்படியே கொண்டுவரக் கூடாது.

மற்றபடி சில்லறை விஷயங்கள்தான். ரவுட்டர் ஐடி இன்னும் 32 பிட்தான், ஐபிவி4 முகவரியே இல்லாத ரவுட்டரில் அதைக் கையால் கொடுத்தாக வேண்டும். எம்டியு (ஒரு பாக்கெட்டின் அதிகபட்ச அளவு) இரு பக்கமும் ஒன்றாக இல்லையென்றால் நெய்பர் பாதியிலேயே நின்றுவிடும். டெட் டைமர் (இவ்வளவு நேரம் ஹலோ வராவிட்டால் நெய்பர் போய்விட்டது என்று முடிவு செய்யும் கணக்கு) வழக்கமாக 40 விநாடி, இன்றைய வாய்ஸ் கால்களுக்கு அது ரொம்ப அதிகம். இணைப்பு உயிரோடு இருக்கிறதா என்று வேகமாகச் சோதிக்கும் பிஎஃப்டி-யைச் சேர்த்து 300 மில்லிவிநாடிக்கு ஒரு பாக்கெட், மூன்று தவறினால் அறுப்பு என்று வைத்திருக்கிறோம். ஃபைபர் வெட்டுப்பட்டால் ஒரு விநாடிக்குள் மாற்றுப் பாதைக்குப் போய்விடுகிறது.

ரிப்என்ஜி என்ற எளிய ரவுட்டிங் புரோட்டோகாலைப் பாடம் படிக்கப் பயன்படுத்தலாம், 15 ஹாப் (ரவுட்டர் தாண்டல்) வரம்போடு அதை இன்று ஓட்ட வேண்டிய அவசியமில்லை. ஐஎஸ்-ஐஎஸ் என்ற இன்னொரு ரவுட்டிங் புரோட்டோகாலின் விஷயம் வேறு. அது ஐபி-யின் மேல் ஓடுவதில்லை, வி4, வி6 இரண்டையும் ஒரே புரோட்டோகாலில் சுமக்கும். பெரிய வலையைப் புதிதாகக் கட்டுகிறவர்கள் அதையும் கட்டாயம் பரிசீலிக்க வேண்டும். நாங்கள் வி4-க்கு ஓஎஸ்பிஎஃப்வி2-வும் வி6-க்கு வி3-யுமாகத் தனித்தனியே வைத்திருக்கிறோம். ஒன்றில் கை வைத்தால் மற்றது ஆடாது என்பது எங்கள் மாதிரிச் சின்னக் குழுவுக்குப் பெரிய நிம்மதி. வாடிக்கையாளர் ப்ரீஃபிக்ஸ்களை மட்டும் பிஜிபி-யில் (நிறுவனங்களுக்கிடையேயும் ரூட்டுகளைப் பரிமாறும் புரோட்டோகால்) விட்டுவிடுங்கள், ஓஎஸ்பிஎஃப்-க்குள் லூப்பேக்கும் (ரவுட்டரின் சொந்த நிலையான முகவரி) இணைப்புகளும் போதும்.

எனக்கு உண்மையான குறை அங்கீகாரத்தில்தான், அதாவது பேசுவது நம் ரவுட்டர்தானா என்று சரிபார்ப்பதில். வி2-வில் ஹெடரிலேயே இருந்த வசதியை வி3-யில் எடுத்துவிட்டு ஐபி அளவில் பாதுகாப்புத் தரும் ஐபிசெக்கை நம்பச் சொன்னார்கள். அதை ஒவ்வொரு இணைப்பிலும் அமைப்பது பெரும் பாடு. பிறகு 2012-ல், பாக்கெட்டின் கடைசியில் சேர்க்கும் அங்கீகார ட்ரெய்லர் வந்தது, 2014-ல் ஆர்எஃப்சி 7166 அதைத் திருத்தியது. புதுப் பெட்டி வாங்கும்போது விற்பவரிடம் ஐபிவி6 இருக்கிறதா என்று மட்டும் கேட்காதீர்கள், இந்த 7166 இருக்கிறதா என்றும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.