தோல்வியே காணாதவரா, மூன்றுக்கு மூன்றில் நிற்பவரா?

சுமோ போட்டித் தொடர் ஒரு ஞாயிற்றுக்கிழமை தொடங்கிப் பதினைந்தாம் நாளான மற்றொரு ஞாயிற்றுக்கிழமையில் முடிவதால், அதன் பதிமூன்றாம் நாள் எப்போதும் வெள்ளிக்கிழமையாகவே அமைகிறது. வேலைக்குப் போகும் ரசிகனுக்கு இது சிறிய செய்தி அன்று. கீழ்நிலைப் பிரிவுகளின் கோப்பையை முடிவு செய்யும் மோதல்கள் பெரும்பாலும் அந்த வெள்ளிக்கிழமையில்தான் நடக்கின்றன. அவற்றை அரங்கில் பார்க்க வேண்டுமானால் விடுப்பு எடுத்தாக வேண்டும். தோக்கியோவில் வேலை பார்க்கும் நான் இரண்டு ஆண்டுகள் அப்படி விடுப்பு எடுத்து, ரியோகொகு கொகுகிகான் அரங்கில் தோல்வியே காணாதவர்களின் இறுதி மோதலைப் பார்த்தேன். சென்ற முறை மனம் மாறி, வெள்ளியை விட்டுவிட்டுச் சனி, ஞாயிறு இரண்டு நாள்களுக்கும் சீட்டு வாங்கி, மூன்று வெற்றி மூன்று தோல்வி என்று நடுவில் தொங்கிக்கொண்டிருந்தவர்களைப் பின்தொடர்ந்தேன். இவ்விரண்டில் எது மேல் என்பதை இங்கே எடைபோட்டுப் பார்க்கிறேன். என் மனம் இரண்டாவதன் பக்கமே சாய்கிறது என்பதை மறைக்கப் போவதில்லை.

அடிப்படைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஆறு பிரிவுகளில் மேலே உள்ள மாகுவுச்சியும் ஜூரியோவும் நாள்தோறும் மோதும் பிரிவுகள். அவற்றில் உள்ள எழுபது பேருக்கு மட்டுமே மாதச் சம்பளம் உண்டு. அவற்றுக்குக் கீழே உள்ள மாகுஷிதா, சாண்டன்மே, ஜோனிடான், ஜோனொகுச்சி ஆகிய நான்கு பிரிவுகளில் ஒருவர் பதினைந்து நாளில் ஏழு முறைதான் களமேறுகிறார். முதல் ஆறு மோதல்கள் பன்னிரண்டு நாள்களுக்குள் முடிந்துவிடும். ஏழாவது, கடைசி மூன்று நாள்களில் ஏதேனும் ஒன்றில் வரும். ஏழு என்பது ஒற்றைப்படை எண் என்பதால் சமநிலையில் யாரும் தொடரை முடிக்க முடியாது. நான்கு வென்றால் கச்சிகோஷி, தரவரிசையில் ஏற்றம். மூன்றில் நின்றால் மாகேகோஷி, இறக்கம்.

எதிராளியைத் தேர்ந்தெடுக்கும் முறைதான் இந்த ஒப்பீட்டுக்கு அடித்தளம். ஒரே கணக்கில் நிற்பவர்களை ஒருவரோடொருவர் மோத விடுகிறார்கள். மாகுஷிதாவின் தரவரிசையில் அறுபது படிகள், படிக்குக் கிழக்கு, மேற்கு என்று இருவராக 120 பேர் இருக்கிறார்கள்; முதற்படியே உச்சி. ஒவ்வொரு சுற்றிலும் வென்றவரோடு வென்றவரே மோதினால், ஆறு சுற்றுக்குப் பிறகு தோல்வி காணாதவர் ஏறத்தாழ இருவரே மிஞ்சுவர். மூன்றுக்கு மூன்றில் நிற்பவர்களோ முப்பத்தேழு பேர் வரை இருப்பர். காயத்தால் விலகுபவர்களால் இந்தக் கணக்கு சற்றுப் பிசகும் என்றாலும் உருவம் மாறாது. வெள்ளிக்கிழமைக்காரன் ஒரு பிரிவில் ஒரு மோதலைப் பார்க்கிறான். அடுத்த வழியைத் தேர்ந்தவனுக்கு மூன்று நாளில் பதினைந்துக்கு மேல் கிடைக்கின்றன.

முதல் வழியின் சிறப்பை உள்ளபடியே சொல்லிவிட வேண்டும். தோல்வி காணாத இருவர் மோதும்போது, வருங்காலத்தில் பெயர் பெறப்போகும் ஒருவரை நாம் பார்த்துக்கொண்டிருக்கக்கூடும் என்ற எண்ணம் சிலிர்ப்பைத் தருவது. தெருனோஃபுஜி என்ற மல்லரின் கதையே போதும். ஓசெகி என்ற இரண்டாம் உயர் பட்டம் வரை உயர்ந்தவர், காயத்தாலும் நோயாலும் ஜோனிடான் வரை சரிந்து, 2019 மார்ச்சில் அங்கிருந்து மறுபடி தொடங்கினார். ஏழும் வென்றார், ஆனால் கோப்பைக்கான கூடுதல் மோதலில் ரோகாவிடம் தோற்றார். அதே ஆண்டு நவம்பரில் மாகுஷிதா பத்தாம் படியில் ஏழையும் வென்று ஜூரியோவுக்குத் திரும்பினார். 2020 ஜூலையில் மாகுவுச்சிக் கோப்பையையும், 2021-இல் யோகோசுனா என்ற உச்சப் பட்டத்தையும் அடைந்தார். அப்படிப்பட்ட வெள்ளிக்கிழமைகளில் ஒன்றை அரங்கில் இருந்து பார்த்தவர் வாழ்நாள் முழுவதும் சொல்லிக்கொள்ளலாம்.

இந்த வழிக்கு உழைப்பும் குறைவு. யார் தோற்காமல் இருக்கிறார்கள் என்ற பட்டியல் சுமோ சங்கத்தின் தளத்திலேயே கிடைத்துவிடும். பன்னிரண்டாம் நாள் மாலை ஐந்து நிமிடம் செலவழித்தால் போதும். பரிசுத் தொகையும் தெளிவானது: மாகுஷிதாவுக்கு ஐந்து இலட்சம் யென், சாண்டன்மேக்கு மூன்று இலட்சம், ஜோனிடானுக்கு இரண்டு, ஜோனொகுச்சிக்கு ஒன்று.

குறை எங்கே என்றால், காத்திருப்புக்கும் காட்சிக்கும் உள்ள விகிதத்தில். நான் விடுப்பு எடுத்த இரண்டு முறையில் ஒருமுறை, மாகுஷிதாவின் அந்த ஒற்றை மோதல் எழுந்து பாய்ந்த வேகத்திலேயே முடிந்தது. பக்கத்தில் இருந்தவர் சோற்றுப் பெட்டியின் மூடியைத் திறந்து நிமிர்வதற்குள் வென்றவர் நடுவர் முன் குந்தியிருந்தார். மேலும், ஒரே பயிற்சிக்கூடத்தைச் சேர்ந்த இருவர் தோற்காமல் மிஞ்சினால் அவர்களை வெள்ளிக்கிழமை மோதவிட மாட்டார்கள். இருவரும் வேறு எதிராளிகளை வென்றுவிட்டால், கடைசி நாளில் நடக்கும் கூடுதல் மோதலில்தான் நேருக்கு நேர் நிற்பார்கள். அப்போது வெள்ளிக்கிழமை விடுப்பு வீண்.

இனி, எனக்கு முடிவைத் தீர்மானித்த ஒரே காரணத்துக்கு வருகிறேன். ஏழாவது மோதலில் தோற்பவர் எதை இழக்கிறார் என்பதே அது.

ஆறையும் வென்று நிற்பவர் ஏழாவதில் தோற்றாலும் ஆறு வெற்றி அவரிடம் இருக்கிறது. அடுத்த தரவரிசையில் அவர் நன்றாகவே ஏறுவார். ஓனோசாதோ என்ற மல்லர் 2023 மே மாதத்தில் மாகுஷிதா பத்தாம் படியில் அறிமுகமானபோது ஆறுக்கு ஒன்று என்று முடித்து, அடுத்த தொடருக்கு மூன்றாம் படிக்கு வந்தார். ஆறு வெற்றி அவரை ஜூரியோவுக்குக் கொண்டுபோகவில்லை. மூன்றாம் படியில் நின்று பெற்ற நான்குக்கு மூன்று என்ற எளிய கணக்குதான் கொண்டுபோனது. மாகுஷிதாவின் உச்சிப் படிகளில் நான்காவது வெற்றியின் விலை அத்தகையது. முதற்படியில் இருப்பவர் நான்கு வென்றால் ஜூரியோ ஏறத்தாழ உறுதி. இரண்டு முதல் ஐந்து வரையிலான படிகளில் இருப்பவருக்கு, மேலிருந்து எத்தனை பேர் இறங்குகிறார்கள், எத்தனை பேர் ஓய்வு பெறுகிறார்கள் என்பதைப் பொறுத்து வாய்ப்பு கூடும், குறையும். மூன்றில் நின்றுவிட்டால் கதவு சாத்தப்பட்டதாகவே கொள்ள வேண்டும்.

அந்தக் கதவின் இரு பக்கமும் உள்ள வேறுபாட்டைப் பணத்தில் சொன்னால் உறைக்கும். 2019-இல் உயர்த்தப்பட்ட கணக்கின்படி ஜூரியோ மல்லருக்கு மாதம் பதினொரு இலட்சம் யென் சம்பளம். மாகுஷிதா மல்லருக்குச் சம்பளமே கிடையாது; இரண்டு மாதத்துக்கு ஒருமுறை நடக்கும் தொடருக்கு 1,65,000 யென் உதவித்தொகை மட்டும். பணம் ஒருபுறம் இருக்க, ஜூரியோவுக்குப் போனவருக்குப் பட்டுக் கச்சையும் சித்திரத் தையல் செய்த சடங்குக் கச்சையும் பணிவிடைக்கு இளைய மல்லர்களும் உண்டு. போகாதவர் கறுப்புப் பருத்திக் கச்சையோடு இன்னொருவருக்குப் பணிவிடை செய்துகொண்டிருப்பார். முந்திய நாள் வரை யாருடைய முதுகைத் தேய்த்துவிட்டாரோ அவருக்கு இணையாக மறுநாள் அமரலாமா என்பதைச் சில நொடிகள் முடிவு செய்கின்றன.

இங்கேதான் எதிராளியைத் தேர்ந்தெடுக்கும் முறை மறுபடி வேலை செய்கிறது. மேல்பிரிவில் கடைசி நாளன்று ஏழு வெற்றி ஏழு தோல்வியில் நிற்பவர், ஏற்கெனவே எட்டு வென்று கவலை தீர்ந்த ஒருவரோடு மோதுவது வழக்கமாக நடப்பது. ஒருவருக்கு உயிர்ப் பிரச்சினை, மற்றவருக்குப் பொருட்டில்லை என்ற நிலையில் சந்தேகம் எழுவது இயல்பு. 2011-இல் கைப்பேசிச் செய்திகள் மூலம் முடிவுகளைப் பேசிவைத்த விவகாரம் வெளிப்பட்டு, மார்ச் மாத ஓசாகா தொடரே கைவிடப்பட்டதும், அதில் சிக்கியவர்களில் ஜூரியோ மல்லர்கள் மிகுந்திருந்ததும் சுமோ பார்ப்பவர்கள் மறக்கக்கூடியவை அல்ல. சம்பளப் பள்ளம் அத்தனை ஆழமாக இருக்கும் இடத்தில் ஆசை எழுவதில் வியப்பில்லை. ஆனால் மாகுஷிதாவில் மூன்றுக்கு மூன்றில் நிற்பவரின் எதிரே பெரும்பாலும் மூன்றுக்கு மூன்றில் நிற்கும் இன்னொருவரே வருகிறார். விட்டுக்கொடுக்க இருவரிடமும் எதுவும் இல்லை. ஒரு மோதலின் ஒவ்வொரு நொடியிலும் இருவரும் ஒரே அளவு பதறுவதை வேறெந்தப் பிரிவிலும் இத்தனை முறை நான் பார்த்ததில்லை.

அதற்கும் ஒரு படி மேலே போவது, கடைசி நாள்களில் மாகுஷிதா உச்சியில் இருப்பவரை ஜூரியோ அடியில் இருப்பவரோடு மோதவிடும் வழக்கம். மேலே போகத் துடிப்பவரும் கீழே விழாமல் பிடித்துக்கொண்டிருப்பவரும் நேராகச் சந்திக்கிறார்கள். தரவரிசைக் குழு மேசையில் செய்ய வேண்டிய இடமாற்றத்தை இவர்களே மண்மேடையில் செய்துவிடுகிறார்கள். ஜூரியோ மோதலுக்கு அழைக்கப்படும் மாகுஷிதா மல்லர் அன்று மட்டும் ஜூரியோகாரர்களைப் போல விசிறிக் கொண்டையில் முடியை வாரி வருவார். கச்சை மட்டும் பழைய கறுப்புப் பருத்திதான். தலை மேல்நிலையிலும் இடுப்பு கீழ்நிலையிலும் இருக்கும் அந்தத் தோற்றத்தை ஒருமுறை பார்த்தபின், தோல்வி காணாதவர்களின் பளபளப்பு எனக்குச் சற்று மங்கித்தான் போனது.

இந்த வழிக்கான உழைப்பு மிகுதி என்பதையும் சொல்ல வேண்டும். மாகுஷிதாவின் முதல் ஐந்து படிகளில் உள்ள பத்துப் பேரையும், ஜூரியோவின் கடைசி நான்கைந்து படிகளில் உள்ளவர்களையும் ஒன்பதாம் நாளிலிருந்தே குறித்துவைத்துக்கொள்ள வேண்டும். இல்லையென்றால் மூன்றுக்கு மூன்று என்பது வெறும் எண்ணாகவே கண்ணில் படும். யார் எந்த நாளில் மோதுவார் என்பதும் முந்திய நாள்தான் தெரியும். வெள்ளியன்றே பாதிப் பேருடைய கணக்கு முடிந்து, சனிக்கிழமைச் சீட்டுக்கு மிச்சமே கிடைக்கும் வாய்ப்பும் இருக்கிறது. எனக்குச் சென்ற முறை சனியும் ஞாயிறும் நன்றாகவே அமைந்தன. ஒரே ஒரு தொடரின் அனுபவம் இது என்பதால் அதை விதியாகக் கொள்ள மாட்டேன்.

மாகுஷிதாவின் நடுப்படிகளிலும் கீழும் இந்த வாதம் வலுவிழக்கிறது. நாற்பதாம் படியில் நான்குக்கு மூன்றும் மூன்றுக்கு நான்கும் சில படி ஏற்ற இறக்கமே. சாண்டன்மேயிலும் ஜோனிடானிலும் அப்படித்தான் என்று தோன்றுகிறது. ஆனால் அந்தப் பிரிவுகளை நான் காலை முழுவதும் உட்கார்ந்து பார்த்தது இரண்டே முறை என்பதால் என் சொல்லுக்கு அங்கே எடை குறைவு. அங்கே தோல்வி காணாதவர்களின் மோதலைப் பார்ப்பதே மேல் என்று யாராவது சொன்னால் வாதிட மாட்டேன். அதேபோல மாகுஷிதாவின் பத்துக்கும் பதினைந்துக்கும் இடைப்பட்ட படிகளில் நிற்பவர் தோற்காமல் ஆறு வென்றிருந்தால் முதல் வழியே வெல்கிறது. ஏனென்றால் முதல் பதினைந்து படிகளுக்குள் ஏழும் வென்றவருக்கு ஜூரியோ கிடைத்துவிடும், ஆறோடு நின்றவருக்கு அந்தப் படிகளில் பொதுவாகக் கிடைக்காது. தெருனோஃபுஜிக்கும் ஓனோசாதோவுக்கும் ஒரே பத்தாம் படியில் நேர்ந்தது அதுதான்.

மூன்றாவது வழியும் உண்டு: ஒரே ஒரு மல்லரைப் பிடித்துக்கொண்டு அவர் எங்கே இருந்தாலும் தொடர்வது. இதில் கணக்கு வேலை இல்லை, பற்று மட்டும் போதும். பின்னாளில் யோகோசுனாவான ஹகுஹோகூட ஜோனொகுச்சியில் தம் முதல் தொடரில் மூன்றுக்கு நான்கு என்று தோற்றுத்தான் தொடங்கினார் என்பதை நினைத்தால் இந்தப் பற்றுக்கு ஒரு நியாயமும் கிடைக்கும். ஆனால் ஏழே மோதல்களில் அவருடைய கடைசி மோதல் எந்த நாள் என்பதற்காகக் காத்திருப்பது, அரங்குக்கு வர விரும்புகிறவருக்குப் பொருந்தாது. திரையில் பார்ப்பவருக்கு நல்ல வழி.

திரையா அரங்கா என்பதில் நீட்டிச் சொல்ல ஒன்றும் இல்லை. ஜப்பானுக்குள் இருப்பவர்களுக்கு 2018 ஜனவரி முதல் அபேமா இணையத் தொலைக்காட்சி கீழ்ப்பிரிவுகளையும் காட்டுகிறது. பதிமூன்றாம் நாள் முதல் கீழ்ப்பிரிவு மோதல்கள் காலை பத்து மணிக்குப் பிறகே தொடங்குவதால் முந்திய நாள்களைப் போல அதிகாலையில் எழவும் வேண்டாம். கடைசி நாளில் மட்டும் விருது விழாவுக்காக மேல்பிரிவுகளின் நேரம் அரை மணி முன்னே நகரும். மாகுஷிதா உச்சி மோதல்களைத் தேடுபவர் அதை நினைவில் வைக்க வேண்டும். அரங்கில் கிடைப்பது ஒலி. பாதிக்கு மேல் காலியாக இருக்கும் பதினோராயிரம் இருக்கைகளுக்கு நடுவே, வெறுங்காலோடு நிற்கும் இளநிலை நடுவரின் குரலும், இரு நெற்றிகள் முட்டும் சத்தமும் வர்ணனையாளரின் பேச்சு இல்லாமல் நேரே வந்து சேர்கின்றன.

ஜூரியோவுக்கு யார் போகிறார்கள் என்ற அறிவிப்பு தொடர் முடிந்த அடுத்த புதன்கிழமை வரும். சென்ற முறை நான் குறித்துவைத்திருந்த ஐந்து பேரில் மூவரைச் சரியாகக் கணித்திருந்தேன். ஜனவரித் தொடருக்கும் சனி, ஞாயிறு சீட்டே வாங்கியிருக்கிறேன்; வெள்ளிக்கிழமை நடக்கும் தோல்வி காணாதவர்களின் மோதலை அலுவலகத்தின் மதிய இடைவேளையில் கைப்பேசியில் பார்த்துக்கொள்வதாக எண்ணம்.