வேத தியானமா, மையப்படுத்தும் ஜெபமா?

மையப்படுத்தும் ஜெபம் 1970களில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸில், ஸ்பென்சரிலுள்ள டிராப்பிஸ்ட் என்ற கத்தோலிக்கத் துறவியர் மடத்தில் உருவானது. ஒரு புனிதச் சொல்லைத் தேர்ந்தெடுத்து, எண்ணங்கள் எழும்போதெல்லாம் அதற்குத் திரும்பி, 20 நிமிடம் அமைதியாக உட்கார வேண்டும், தினம் இருமுறை. தாமஸ் கீட்டிங் போன்ற துறவிகள், கீழைத் தியானங்களைத் தேடிப்போன இளைஞர்களுக்குக் கிறிஸ்தவ மரபிலேயே ஒரு வழி காட்ட விரும்பினார்கள். நோக்கம் நல்லதுதான். ஆனால் வசனம், பாவ அறிக்கை, வேண்டுதல் எல்லாம் அந்த நேரத்தில் ஓரமாகப் போய்விடுகின்றன. என் பயம் அங்கேதான்.

வேத தியானத்தில், அதாவது பைபிள் வசனத்தைத் தியானிப்பதில், மனம் வெறுமையாவதில்லை, வசனத்தால் நிரம்புகிறது. முதலாம் சங்கீதமும் யோசுவா 1:8-ம் காட்டும் வழி இது. வசனம் நம்மைக் கண்டிக்கும், மனந்திரும்பச் சொல்லும். வெறும் அமைதி அதைச் செய்யாது.

ஜென், யோகா, ஆழ்நிலைத் தியானம் ஆகியவற்றின் முறைகளைக் கிறிஸ்தவ ஜெபத்தோடு கலப்பதிலுள்ள ஆபத்துகளை 1989இல் வத்திக்கானே ஆயர்களுக்கு எழுதிய கடிதத்தில் எச்சரித்தது.

சபைக்குள் நுழையும் உலகத்தனம் மேடை வெளிச்சத்திலும் செழிப்புப் பேச்சிலும் பளிச்சென்று தெரிந்துவிடும். மையப்படுத்தும் ஜெபமோ பக்தி மாதிரியே தோன்றுகிறது. அதனால் எனக்கு இதில்தான் கவலை அதிகம். அமைதி வேண்டுமா? சரி, வேதத்தைத் திறந்து வைத்துக்கொண்டு அமைதியாக உட்காருங்கள்.