ஏர் டாங்க்குக்குத் தடிமன் மீட்டரும் தகைவுக் கணக்கும்: சில வருட அனுபவம்

புதுவயல் பக்கத்து அரிசி ஆலைகளில் கலர் சார்ட்டருக்கு (நிறம் கெட்ட அரிசியைப் பிரிக்கும் மெஷின்) காற்று தரும் கம்ப்ரஸரை எல்லாரும் கவனிப்பார்கள். அதன் பக்கத்தில் நிற்கும் ஏர் டாங்கைத் தொட்டுப் பார்ப்பவர் குறைவு. நான் பராமரிப்பு பார்க்கும் ஆலையில் அதற்கென்றே, ஒலியைச் செலுத்தி அது திரும்பும் நேரத்தை வைத்துச் சுவரின் தடிமனைச் சொல்லும் ஓர் அல்ட்ராசோனிக் தடிமன் மீட்டர் வாங்கினோம். அதையும் போனில் ஓர் எக்செல் தாளையும் வைத்துச் சில வருடங்களாக டாங்கின் தகைவை, அதாவது உள்ளழுத்தத்தால் சுவரில் ஏறும் இழுவிசையின் அளவை, கணக்கிட்டு வருகிறேன்.

கணக்கு எளிது. ஆரம் தடிமனைப் போல் 10 மடங்குக்கு மேல் இருந்தால் மெல்லிய சுவர்ச் சூத்திரம் போதும். அழுத்தத்தை விட்டத்தால் பெருக்கி, தடிமனின் இரு மடங்கால் வகுத்தால் சுற்றுவாட்டுத் தகைவு, அதாவது ஹூப் ஸ்ட்ரெஸ். எங்கள் டாங்குக்கு உள்விட்டம் 800 மி.மீ., பிளேட் 6 மி.மீ. ஆலை ஓடுவது 7 பாரில்தான் என்றாலும், சேப்டி வால்வு திறக்கும் 10 பாரை, அதாவது 1 மெகாபாஸ்கலை வைத்தே போடுகிறேன். 66.7 மெகாபாஸ்கல் வருகிறது. நீளவாட்டுத் தகைவு அதில் சரிபாதி. அதனால்தான் சுற்று வெல்டிங்கைவிட நெடுக்கு வெல்டிங்கைப் பற்றிக் கூடுதல் கவலை. முற்றிய வெண்டைக்காய் மாதிரி டாங்க் நெடுக்கில்தான் பிளக்கும்.

ஆனால் அந்த 6 மி.மீ. டாங்க் புதிதாக வந்த அன்றைய தடிமன். மழைக்காலத்தில் காற்றோடு வரும் ஈரம் உள்ளே தண்ணீராக இறங்கி அடியில் தேங்கும். அடி வெல்டிங்குக்குச் சற்று மேலே இப்போது மீட்டர் காட்டுவது 5.1. அதை வைத்துப் போட்டால் 78 மெகாபாஸ்கல். எக்ஸ்ரே எடுக்காத வெல்டிங்கை முழு பலமாக எண்ணக் கூடாது என்பதால் 0.7-ஆல் வகுக்கிறேன், 112 ஆகிறது. எங்கள் பிளேட் எஸ்ஏ 516 கிரேடு 70 என்ற வகை எஃகு. அழுத்தக் கலன்களுக்கான அமெரிக்க விதித் தொகுப்பான ஏஎஸ்எம்இ கோடு அதற்கு அனுமதிப்பது 138 மெகாபாஸ்கல். திருப்பிக் கணக்கிட்டால் 4.2 மி.மீ.க்குக் கீழே போகக் கூடாது. தேங்கிய தண்ணீர் வெளியேற, தினமும் டிரெயின் வால்வைத் திறக்கச் சொல்லி நான் நச்சரிப்பது இதற்காகத்தான்.

“டாங்க் நல்லாத்தானேண்ணே நிக்குது, எதுக்கு இவ்வளவு?” என்று கம்ப்ரஸர் பார்க்கும் தம்பி ஒருமுறை கேட்டான். மீட்டரை அவன் கையிலேயே கொடுத்து மேலேயும் கீழேயும் அளக்கச் சொன்னேன். இப்போது டிரெயின் வால்வு அவன் பொறுப்பு.

மீட்டரில் குறையும் உண்டு. சாதா மாடல் பெயிண்டையும் சேர்த்து அளக்கும். இரும்பில் ஒலி நொடிக்குச் சுமார் 5,900 மீட்டர் போகும், பெயிண்டில் அதில் பாதிகூட இல்லை. அதனால் பெயிண்டின் தடிமனை இரண்டு மடங்குக்கு மேலாக்கிக் காட்டும். மெலிந்த சுவர் நல்ல சுவராகத் தெரியும். அளக்கும் இடத்தில் பெயிண்டைச் சுரண்டி, ஜெல் தடவி அளந்து, மறுபடி பூச வேண்டும். அப்புறம், சின்னக் குழி அரிப்பை இது தவறவிடும். ஒரே புள்ளியில் நிறுத்தாமல் சுற்றிலும் நகர்த்திப் பார்த்து, மிகக் குறைந்த அளவையே தாளில் ஏற்றுங்கள். புள்ளிகளைப் பெயிண்ட் மார்க்கரால் வட்டமிடலாம். சுத்தியலால் தட்டிக் குழி போடும் சென்டர் பஞ்ச் வேண்டவே வேண்டாம்.

மூடியின் வளைவிலும், குழாய் சேரும் இடத்திலும் இந்தச் சூத்திரம் செல்லாது. சட்டப்படி தகுதி பெற்றவர் செய்யும் சோதனைக்கும் இது மாற்று இல்லை. இடைப்பட்ட மாதங்களில் சுவர் எப்படிக் கரைகிறது என்று தெரிந்துகொள்ளத் தாராளமாக வாங்கலாம். கையில் காசு இருந்தால், பெயிண்டை விட்டுவிட்டு இரும்பை மட்டும் அளக்கும் எக்கோ-எக்கோ வசதி உள்ள மாடலாகவே வாங்குங்கள்.