18 வருட விஸ்கி, 9,500 ரூபாய்

பெங்களூரில் வேலை பார்க்கும் நண்பர்கள் ஐந்து பேர் மூன்று வருடமாக ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம். மாதம் ஒரு சனிக்கிழமை, ஆளுக்கு 2,000 ரூபாய் போட்டு ஒரு விஸ்கியும் பழைய ரம் ஒன்றும் வாங்குவோம். பாட்டிலைப் பார்க்காமல் ஆளுக்கு 30 மில்லி. முகர்ந்ததையும் ருசித்ததையும் எழுதிவைத்து, அப்புறம்தான் எது எது என்று திறந்து சொல்வோம். இதை நான் சொல்லக் காரணம், நாங்கள் ஒன்றும் தெரியாதவர்கள் இல்லை. அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தோம்.

போன தீபாவளிக்கு ஆளுக்கு 4,000 போடுவது என்று முடிவானது. ஸ்காட்லாந்தின் ஸ்பேசைட் பகுதி சிங்கிள் மால்ட் (ஒரே வடிசாலையில், முளைகட்டிய பார்லியில் மட்டும் செய்த விஸ்கி) ஒன்று, 18 வருடம். எதிரே மத்திய அமெரிக்க ரம் ஒன்று, லேபிளில் பெரிதாக 21. ரம் கடையிலேயே 7,800க்குக் கிடைத்தது. விஸ்கி கடையில் 17,000 சொன்னார்கள். அங்கேயே விட்டிருக்க வேண்டும். கையில் அமிர்த் ஃபியூஷன் விஸ்கி பாட்டில் ஒன்று இருந்தது, 50 சதவீத ஆல்கஹால், இதே ஊரில் செய்தது, லேபிளில் வயதே கிடையாது. எங்கள் குறிப்பேட்டில் அது பலமுறை ஸ்காட்ச்களை முந்தியிருக்கிறது. ஸ்காட்லாந்துக் கிடங்கில் பீப்பாயிலிருந்து வருடத்துக்கு 2 சதவீதம் போல ஆவியாகப் போனால், பெங்களூர் சூட்டில் 10 சதவீதத்துக்கும் மேல் போகிறது. இங்கே 18 வருடம் வைத்திருந்தால் பீப்பாயில் மிஞ்சுவது வாசனைதான். இதெல்லாம் தெரிந்தும், 18 என்ற எண் கண்ணை மறைத்தது.

எங்களில் ஒருவனுக்கு அலுவலக நண்பர் மூலம் ஒரு நம்பர் கிடைத்தது. "ஏர்போர்ட் சரக்கு சார், துபாய் டியூட்டி ஃப்ரீ, சொந்தக்காரப் பசங்க கொண்டுவர்றாங்க." வாட்ஸ்அப்பில் நாற்பது பாட்டில் கொண்ட விலைப்பட்டியல் வந்தது. எங்கள் விஸ்கி 9,500. பயணி ஒருவர் கொண்டுவர அனுமதியே 2 லிட்டர்தான், நாற்பது வகை பாட்டில் எப்படி எப்போதும் கையிருப்பில் இருக்கும் என்று ஐந்து பேரில் ஒருவர்கூடக் கேட்கவில்லை. அப்படியே உண்மையான சரக்காக இருந்தாலும் வரி கட்டாமல் விற்பதும் வாங்குவதும் குற்றம். அதையும் தெரிந்தே செய்தோம். தப்பில் எங்கள் பங்கை மறைத்துவிட்டு இந்தப் பதிவை எழுத முடியாது.

ஒரு அபார்ட்மென்ட்டின் கீழ்த்தள பார்க்கிங்கில், பழைய பேப்பரில் சுற்றித் தந்தார். பணம் ஜிபே செய்தேன். திரையில் வந்த பெயர் ஏதோ ஒரு ரீசார்ஜ் கடையுடையது. சரி, இருக்கட்டும் என்று வந்துவிட்டேன்.

டப்பா புத்தம் புதிது. உள்ளே பாட்டிலும் பளபளப்பு. மூடியைச் சுற்றிய கழுத்துறை மட்டும் விரலால் திருப்பினால் சுற்றியது. பாட்டிலின் பின்புறம் ஓரிடத்தில் கை ஒட்டியது. வெயிலில் பசை கசிந்திருக்கும் என்று ஈரத்துணியால் நானே துடைத்தேன். தடயத்தைத் துடைத்துக்கொண்டிருக்கிறோம் என்று அப்போது தெரியவில்லை.

சனிக்கிழமை ஐந்து கிளாஸ். முதல் முகர்வில் வனிலா எசன்ஸ். இரண்டாவதில் நகப்பூச்சு. வாயில் வைத்ததும் ஒரு இனிப்பு, அதன் பின்னால் வெறும் எரிச்சல், அதோடு முடிந்தது. "திறந்து கொஞ்ச நேரம் ஆகட்டும், காற்றுப் படணும்" என்றான் ஒருவன். அரைமணி நேரம் காற்றுப் பட்டது. மாற்றமில்லை. விலை தெரிந்திருந்ததால் ஒருவருக்கும் வாய் வரவில்லை. நான்கு பேர் குறிப்பேட்டில் "மென்மையானது" என்று எழுதியிருந்தோம். இப்போது படித்தால் கூச்சமாக இருக்கிறது.

மறுநாள் காலைதான் பிடிபட்டது. நல்ல மால்ட் ஊற்றிய கிளாஸைக் கழுவாமல் வைத்தால், காய்ந்த பிறகும் தானியமும் தேனும் மரமும் கலந்த வாசனை அடியில் நிற்கும். பக்கத்தில் ஒப்பிட்டுப் பார்க்க ஊற்றியிருந்த அமிர்த் கிளாஸில் அது இருந்தது. 18 வருடக் கிளாஸில் ஒன்றுமே இல்லை.

நண்பன் ஒருவனிடம் ஹைட்ரோமீட்டர் உண்டு, திரவத்தின் அடர்த்தியை வைத்து ஆல்கஹால் சதவீதம் சொல்லும் கருவி. 20 டிகிரிக்குக் குளிரவைத்து இரண்டையும் அளந்தான். விஸ்கி லேபிளில் 43, கருவியில் 36. ரம் லேபிளில் 40, கருவியில் 35. "ரெண்டுமே போலிடா" என்று அவன் குதித்தான். ரம் பில்லோடு கடையில் வாங்கியது, எக்சைஸ் ஸ்டிக்கர் மூடியிலேயே இருக்கிறது. அது எப்படிப் போலியாகும்?

சர்க்கரை கரைந்திருந்தால் திரவத்தின் அடர்த்தி ஏறும், கருவி ஆல்கஹாலைக் குறைத்துக் காட்டும். அதனால் இரண்டிலும் ஒவ்வொரு ஸ்பூன் எடுத்து, எவர்சில்வர் தட்டில் வெந்நீர்ப் பாத்திரத்தின் மேல் வைத்து வற்றவிட்டோம். ரம் தட்டில் பாகு போல ஒட்டியது. கணக்குப் போட்டால் லிட்டருக்கு 20 கிராமை ஒட்டிச் சர்க்கரை. ஐரோப்பிய ஒன்றியம் 2021இலிருந்து ரம்முக்கு வைத்திருக்கும் உச்ச வரம்பும் 20 கிராம்தான். ஆக ரம் போலி இல்லை, இனிப்புச் சேர்த்தது. அந்த 21ஐயும் அப்போதுதான் உற்றுப் பார்த்தேன். பக்கத்தில் "வருடம்" என்ற சொல்லே இல்லை. சொலேரா முறையில் பழைய பீப்பாயில் கொஞ்சம் எடுத்து, அந்த இடத்தை இளையதால் நிரப்பிக்கொண்டே போவார்கள். மிக மூத்த துளி பாட்டிலில் எவ்வளவு இருக்கிறது என்பது அவர்களுக்கே வெளிச்சம். ஸ்காட்ச்சில் எண் போட்டால் அது கலவையில் மிக இளையதன் வயது, சட்டம் அப்படி. ஜமைக்காவின் ஆப்பிள்டன் ரம் பாட்டிலில் உள்ள எண்ணும் குறைந்தபட்ச வயதுதான். அங்கே ஜமைக்கா ரம் என்ற பெயரில் சர்க்கரை சேர்க்கவும் முடியாது. 7,800 ரூபாய்க்கு நான் வாங்கியது ஓர் அலங்கார எண். அதில் என்னை யாரும் ஏமாற்றவில்லை என்றுதான் சொல்ல வேண்டும், படிக்காதது நான்.

விஸ்கித் தட்டில் லேசான பழுப்புக் கறை, ஒட்டவே இல்லை. அப்படியென்றால் 36 என்பது நிஜமாகவே 36. ஸ்காட்ச் 40க்குக் கீழே இருக்கவே முடியாது. மலிவு சரக்கில் தண்ணீரும் எசன்ஸும் நிறமும்தான். நிறத்தைப் பார்த்தும் மயங்கியிருந்தோம். அசல் ஸ்காட்ச்சிலேயே இ150ஏ என்ற கேரமல் நிறம் சேர்க்க அனுமதி உண்டு, நிறத்துக்கும் வயதுக்கும் சம்பந்தம் வேண்டியதில்லை.

பிறகு பாட்டிலைப் பார்த்தால் எல்லாம் கத்திக்கொண்டிருந்தது. 750 மில்லி. ஐரோப்பாவில் 700, டியூட்டி ஃப்ரீயில் பெரும்பாலும் 1 லிட்டர். 750 இந்தியச் சந்தைக்கு வரும் அளவு. இங்கே முறையாக இறக்குமதியாகும் பாட்டிலின் பின்னால் இறக்குமதியாளர் பெயர், விலை, மதுவின் கேடு பற்றிய எச்சரிக்கை எல்லாம் ஸ்டிக்கராக இருக்கும். கை ஒட்டிய இடம் அந்த ஸ்டிக்கர் உரித்த இடம். கண்ணாடியின் அடியோரம் இருக்க வேண்டிய லாட் எண் சுரண்டப்பட்டிருந்தது. இந்த ஊர் பார் ஒன்றில் காலியான பாட்டில், துபாய்க்காரன் வேஷத்தில் என் வீட்டுக்கு வந்திருக்கிறது. கார்க் மூடி என்பதால் நிரப்புவதும் சுலபம்.

விற்றவரைக் கூப்பிட்டேன். "பேட்ச் மாறியிருக்கும் சார், வேற பாட்டில் தர்றேன், ஆயிரம் மட்டும் சேர்த்துக் குடுங்க" என்றார். இரண்டாவது முறை எடுக்கவில்லை. மூன்றாவது முறை நம்பரே இல்லை. போலீசில் சொல்லலாம் என்றால், எதை வாங்கினாய் என்ற முதல் கேள்விக்கே என்னிடம் பதில் இல்லை. அந்தத் தைரியத்தில்தான் இந்த வியாபாரம் நடக்கிறது.

ஐந்தில் ஒருவன், "விடு மச்சி, பெரிய இடத்திலேயே நடக்குது" என்று ஆறுதல் சொன்னான். நடக்கத்தான் செய்கிறது. 2017இல் சுவிட்சர்லாந்தின் செயின்ட் மோரிட்ஸில் 1878ஆம் வருட மெக்காலன் ஸ்காட்ச் என்று ஒரே ஒரு பெக்கை 10,000 பிராங்க் அளவுக்கு விற்றார்கள். கார்பன் சோதனையில் அது 1970களின் தொடக்கத்தில் வடித்தது என்று வந்தது. அந்த ஓட்டல் பணத்தைத் திருப்பிக் கொடுத்தது. எனக்கு அந்த வாய்ப்பும் இல்லை.

ஆனால் என்னைத் தூங்கவிடாதது பணம் இல்லை. ஹைட்ரோமீட்டர் ஆளைக் கொல்லும் மெத்தனாலையும் மதுவில் இருக்கும் எத்தனாலையும் பிரித்துச் சொல்லாது, இரண்டின் அடர்த்தியும் கிட்டத்தட்ட ஒன்று. நாக்கும் பிரித்துச் சொல்லாது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60 பேருக்கு மேல் செத்தது மெத்தனாலால்தான். அவர்கள் குடித்தது பாக்கெட் சாராயம், நாங்கள் குடித்தது தங்க எழுத்து டப்பா. உள்ளே என்ன இருக்கிறது என்று இரண்டு பக்கமும் தெரியாது. சந்தேகம் வந்த பிறகும் "இன்னொரு தடவை பார்ப்போம்" என்று நாங்கள் மறுபடி ருசித்தோம். அதை நினைத்தால் இப்போதும் வயிற்றைப் பிசைகிறது. மீதியைக் கழிவறையில் கொட்டினேன்.

ஞாயிற்றுக்கிழமை பழைய பேப்பர்காரர் வந்தார். காலி பாட்டில்களைத் தள்ளிவைத்தேன். பீர் பாட்டிலுக்கு 2 ரூபாய் என்றார். இந்தப் பாட்டிலை எடுத்துத் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதோட டப்பா இருக்கா சார்? மூடியும் டப்பாவும் சேர்த்துக் குடுத்தா 200 தர்றேன்" என்றார்.

உள்ளே போய் கத்தியை எடுத்துவந்து லேபிளைக் குறுக்கும் நெடுக்குமாகக் கீறினேன். டப்பாவை நாலாகக் கிழித்தேன். பாட்டிலை அவரிடம் நீட்டினேன். வாங்கி, பீர் பாட்டில்களோடு சேர்த்துச் சாக்கில் போட்டுக்கொண்டு, 2 ரூபாய் கொடுத்தார்.